ஞானசந்திர கோஷ்

தாராபுரத்தை ஒட்டி ஓடும் அமராவதியாற்றில் ஒரு குடம் நீர் முகந்து, அதில் ஒரு பிடி உப்பை இட்டுக் கலக்கினால், உப்பு கண்ணுக்குப் புலப்படாது மறையும். சுவை மட்டும் எஞ்சும். மறைந்த உப்பு நீரினுள் எந்நிலையில் உள்ளது? எளிதாகத் தோன்றும் இவ்வினா வேதியியல் அறிஞர்களை நெடுங்காலம் மயங்கச் செய்தது. இதற்கு விடை காண முற்பட்டவருள் வங்கத்து இளைஞர் ஞானசந்திர கோஷும் ஒருவர்.

கரைந்த பொருளின் ஒரு பகுதி, நேர்மின்னும் எதிர்மின்னும் ஏற்ற அயனிகளாகப் பிரியும் என்றும், நீர் மிகுந்தால் பிரிவும் மிகும் என்றும் சுவீடன் நாட்டு அரேனியஸ் கூறியிருந்தார். புளித்த காடியிலுள்ள அமிலத்திற்கு இக்கொள்கை நன்கு பொருந்தியது, கறியுப்பிற்கோ பொருந்தவில்லை.

கோஷ் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பிரபுல்ல சந்திர ரேயிடம் பயின்றவர். மேகநாத சாகாவும் சத்தியேந்திரநாத போசும் அவருடைய உடன்மாணாக்கர். ஒரு கல்லூரி ஒரே காலத்தில் இத்தகைய மூவரைப் பெற்றது அரிதினும் அரிது.

உப்புப் படிகம் அயனிகளாலேயே ஆனது என்பதை ஊடுகதிர் ஆராய்ச்சி அப்போது காட்டியிருந்தது. படிகத்திலேயே அயனிகளாய் இருப்பவை நீரிற் கரைந்தபின் ஏன் பாதி பிரிந்தும் பாதி பிரியாதும் நிற்கவேண்டும்? உப்பு முற்றும் பிரிந்தே உள்ளது என்றார் கோஷ். இக்கருத்தை வேறு சிலரும் கூறியதுண்டு. அதனைக் கணக்கிட்டுக் காட்ட முனைந்ததே அவர் துணிவு. கரைசலிலும் அயனிகள் படிகத்திற் போல வரிசையாய் நிற்கின்றன, அவற்றிடையே உள்ள ஈர்ப்பை வெல்லும் ஆற்றலுடையனவே மின்னோட்டத்தைச் சுமக்கின்றன என்று கொண்டு, 1918-இல் அவர் கட்டுரைகள் வெளியிட்டார். அவை ஐரோப்பிய அறிஞரின் கருத்தை ஈர்த்தன.

1923-இல் டிபையும் ஹூக்கெலும் அக்கணக்கை மாற்றினர். ஓயாது அலையும் அயனிகள் படைவீரர் போல் அணிவகுத்து நிற்பதெங்ஙனம்? அவை சந்தைக் கூட்டம் போன்றவை. எனினும் ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் எதிர்மின் அயனிகள் சற்று மிகுந்து மேகம்போற் சூழும். நீர்த்த கரைசலின் மின்கடத்துதிறன் செறிவின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறைவதை அளவீடுகள் முன்னரே காட்டியிருந்தன. கோஷின் கணக்கோ கனமூலத்தைத் தந்தது. ஆகவே அணிவகுப்புக் கலைந்தது. உப்பு முற்றும் பிரியும் என்ற கருத்து நிலைத்தது. பாடநூல்களில் கோஷின் பெயர் இன்று அருகியே காணப்படுகிறது. இஃது ஒரு குறையே.

அவர் மனந்தளர்ந்து ஒதுங்கவில்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறையை வளர்த்தார். 1939 முதல் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தின் இயக்குநராய் விளங்கினார். 1950-இல் கரக்பூரில் தோன்றிய முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும் அவரே முதல் இயக்குநர். விடுதலை வீரர்களை ஆங்கில அரசு அடைத்துவைத்த ஹிஜ்லிச் சிறைக் கட்டடத்திலேயே அக்கழகத்தின் வகுப்புகள் நடைபெற்றன.