தந்தை–மகன் தொழில் நகர்வும் வர்க்கவாரிக் கருவளமும்

தந்தை செய்த தொழிலுக்கும் மகன் செய்யும் தொழிலுக்கும் இடையிலான மாற்றம் சமூகவியலில் தலைமுறையிடைத் தொழில் நகர்வு எனப்படுகிறது. சுரங்கத் தொழிலாளியின் மகன் ஆசிரியரானால் அது மேல்நோக்கிய நகர்வு. வழக்கறிஞரின் மகன் எழுத்தரானால் கீழ்நோக்கிய நகர்வு. இதனை அளக்க நகர்வு அட்டவணை பயன்படுகிறது. அதன் வரிசைகளில் தந்தையரின் தொழிலும் நிரல்களில் மகன்களின் தொழிலும் குறிக்கப்படும்.

பிரித்தானியாவில் டேவிட் கிளாஸ் தலைமையில் 1949-இல் நடந்த ஆய்வு 1954-இல் நூலாக வெளிவந்தது. அமெரிக்காவில் 1962-இல் 20,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் திரட்டிய தகவலைக் கொண்டு பீட்டர் பிளாவும் ஓட்டிஸ் டட்லி டங்கனும் 1967-இல் தம் நூலை வெளியிட்டனர். கிளாஸ், டங்கன் இருவரும் மக்கள்தொகையியலிலும் தேர்ந்தவர்கள். பிள்ளைப்பேற்றை விட்டுவிட்டு நகர்வை விளக்குவது கடினம்.

வர்க்கத்துக்கு வர்க்கம் கருவளம் வேறுபடுவதை இங்கிலாந்து, வேல்சின் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விரிவாகக் காட்டியது. மணமான பெண்களிடம் மண வாழ்வின் காலமும் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையும் கேட்கப்பட்டன. உயர்தொழில் குடும்பங்களில் பிள்ளைகள் குறைவு. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் மிக அதிகம். ஆனால் கூலி வாங்குவோர் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. மணமான பெண்களும் ஆலைக்குச் சென்ற நெசவுத் தொழிலாளர் குடும்பங்களில் பிறப்பு குறைவாகவே இருந்தது.

இவ்வேறுபாடு நகர்வைத் தானாகவே தூண்டுகிறது. மேல்தட்டில் மகன்கள் குறைவு. அலுவலக, தொழில்நுட்பப் பணியிடங்களோ பெருகுகின்றன. மேல்தட்டு மகன்கள் அனைவரும் தந்தையின் நிலையிலேயே தங்கினாலும் இடங்கள் மிஞ்சும். அவற்றைக் கீழிருந்து வருவோரே நிரப்ப வேண்டும். அமெரிக்காவில் இதன் மறுபக்கம் தெரிந்தது: உழவர்களுக்குப் பிள்ளைகள் அதிகம், பண்ணை வேலையோ சுருங்கியது, அவர்களின் மகன்கள் பலர் ஆலைத் தொழிலாளராயினர். ஆகவே மேலேறியவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சமூகம் திறந்துவிட்டது என்று சொல்வது அவசர முடிவு. பணியிட மாற்றத்தாலும் பிறப்பு வேறுபாட்டாலும் நேரும் நகர்வைக் கழித்த பின்னரே வாய்ப்புச் சமத்துவத்தைப் பற்றிப் பேச முடியும்.

டங்கன் சுட்டிய மற்றொரு சிக்கல் பலர் கவனிக்காதது. அட்டவணையில் உள்ள தந்தையர் உண்மையில் ஒரு தலைமுறையினர் அல்லர். ஓர் ஊரில் 100 வழக்கறிஞர்களும் 100 உழவர்களும் இருப்பதாகக் கொள்வோம். முன்னவர்க்குத் தலைக்கு 1 மகன், பின்னவர்க்கு 3 மகன்கள். மகன்களிடம் தந்தையின் தொழிலைக் கேட்டால் 400 விடைகளில் 300 'உழவர்' என வரும். ஊரில் பாதியாக இருந்த உழவர்கள் அட்டவணையில் முக்கால் பங்காகிவிடுவர். மகன் இல்லாத தந்தையோ அதில் இடம்பெறவே மாட்டார். எனவே அட்டவணையின் ஓரத்தில் உள்ள தந்தையர் தொகையைப் பழைய காலத் தொழிலமைப்பாகக் கொள்வது தவறு.

குடும்ப அளவு தனிமனிதரின் வாழ்விலும் குறுக்கிடுகிறது. உடன்பிறந்தோர் மிகுந்த வீட்டு மகன்கள் சராசரியாகக் குறைந்த கல்வியும் தாழ்ந்த தொழில்நிலையும் பெற்றதைப் பிளா–டங்கன் ஆய்வு பதிவு செய்தது. அந்த ஆய்வு ஆண்களை மட்டுமே கணக்கிட்டது. மகள்களின் நகர்வைச் சேர்க்க வேண்டும் என்ற விமர்சனம் பின்னர் வலுத்தது.