உரிமம் இருக்கிறது, காப்பீடு இருக்கிறதா?

தேர்தல் தேதி அறிவித்தவுடன், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வருவது வழக்கம். யார் ஒப்படைக்க வேண்டும், யாருக்கு விலக்கு என்பதை அதற்கென உள்ள ஆய்வுக் குழு முடிவு செய்யும். 2024-ல் புனே இரண்டு தேர்தல்களைச் சந்தித்தது. மக்களவைக்கு மே 13, சட்டமன்றத்துக்கு நவம்பர் 20. நோட்டீஸ் வந்த வீடுகளில் பீரோவில் இருந்த துப்பாக்கி வாரக்கணக்கில் வேறொரு கட்டடத்தில் இருந்திருக்கும். அங்கே தீப்பிடித்தாலோ, தண்ணீர் புகுந்தாலோ, அது காணாமல் போனாலோ காப்பீடு பணம் தருமா? பாலிசியின் முதல் பக்கத்தில் 'காப்பீடு செய்யப்பட்ட இடம்' என்று ஒரு வரி இருக்கும். வீட்டு முகவரி மட்டுமே அங்கே அச்சாகியிருந்தால், வீட்டுக்கு வெளியே நடந்ததற்குப் பணம் கேட்பது கடினம். காவல் நிலையத்திலும், உரிமம் பெற்ற ஆயுத வணிகரின் பாதுகாப்பு அறையிலும் துப்பாக்கி இருக்கும் நாட்களையும் பாலிசிக்குள் கொண்டுவரும்படி எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

புனேயில் இதைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. ராணுவத்தின் தென்பிராந்தியத் தலைமையகமும் கடக்வாஸ்லாவின் தேசிய பாதுகாப்பு அகாடமியும் இங்கேதான் இருக்கின்றன. கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-லிருந்து இயங்குகிறது. ஓய்வுபெற்ற அதிகாரிகள் நிறையப் பேர் குடியிருக்கும் ஊர். பேட்டைகளின் பழைய வாடா வீடுகளில் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியும் வாளும் கட்டாரியும் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்திருக்கும் குடும்பங்கள் உண்டு. மூன்றாவது வகையினர் துப்பாக்கிச் சுடும் விளையாட்டு வீரர்கள். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2011-ல் தன் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கியது பாலேவாடி விளையாட்டு வளாகத்தில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே பயிற்சி பெற்ற இடமும் அதுவே.

காப்பீட்டு முகவரிடம் பேசுவதற்கு முன் உரிமப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குடிமகன் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியவை இரண்டு துப்பாக்கிகள் மட்டுமே, முன்பு மூன்று. பரம்பரையாக வந்தாலும் இந்த எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. ஆகவே நம் நாட்டில் 'சேகரிப்பு' என்று சொல்லத்தக்க அளவில் வைத்திருப்பவர்கள் இரண்டே வகைதான். ஒருவர் புகழ்பெற்ற துப்பாக்கிச் சுடும் வீரர். 2020-ல் வந்த உள்துறை அமைச்சக அறிவிப்பின்படி, ஒரு போட்டிப் பிரிவில் பெயர் பெற்றவர் எட்டு வரை, இரண்டு பிரிவுகளில் பத்து வரை, அதற்கு மேல் என்றால் பன்னிரண்டு வரை விலக்குப் பிரிவில் வைத்துக்கொள்ளலாம். மற்றவர், பழம்பொருளாகக் கருதப்படும் ஆயுதங்களை வைத்திருப்பவர். அத்தகைய பழம்பொருள் துப்பாக்கிகளை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை என்று அதே 2020 நடவடிக்கை சொல்கிறது. ஆனால் சுடவோ வெளியே எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும்.

உரிமம் தேவைப்படும் துப்பாக்கி உரிமத்தில் ஏறாமல் இருந்தால் அதற்கு எந்தக் காப்பீடும் உதவாது. சட்டத்துக்குப் புறம்பான பொருளின் மீது போட்ட ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்காது. பிரீமியம் கட்டிய ரசீது அதைக் காப்பாற்றாது. தாத்தா இறந்தபின் உரிமம் வாரிசு பெயருக்கு மாறாமல் சுவரில் தொங்கும் துப்பாக்கிக்கும் இதே கதிதான். முகவரி மாற்றமும் அப்படியே. கோத்ரூடிலிருந்து ஹிஞ்சவடிக்குக் குடிபெயர்ந்தால் புனே நகரக் காவல் ஆணையரின் எல்லையைவிட்டு, 2018-ல் தனியாகப் பிரிந்த பிம்ப்ரி-சிஞ்சுவட் ஆணையரின் எல்லைக்குள் வந்துவிடுகிறோம். உரிமத்தில் ஒரு முகவரி, பாலிசியில் வேறு முகவரி என்று இருந்தால், இழப்பீடு கேட்கும் நாளில் சர்வேயரின் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

இனி பாலிசிக்கு வருவோம். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வடிவத்தில் தரும் வீட்டுக் காப்பீடு 'பாரத் கிருஹ ரக்ஷா'. கட்டடத்துக்கு எடுத்தாலே வீட்டுப் பொருள்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே சேர்ந்துவிடும். நல்ல திட்டம்தான். ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவர் இதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. தீ, வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் இதில் அடக்கம். திருட்டு மட்டும், அந்த விபத்துகளில் ஏதாவது நடந்து ஏழு நாட்களுக்குள் நிகழ்ந்தால்தான் அடக்கம். சாதாரணமான ஒரு இரவில் பூட்டை உடைத்துக்கொண்டு வரும் திருடனுக்கு இதில் இடமில்லை. துப்பாக்கிக்கு இருக்கும் முதல் அபாயமே அவன்தான். அதற்குக் கன்னக்களவுக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். அதிலும் பூட்டோ கதவோ உடைந்த தடயம் கேட்பார்கள். வீட்டில் வேலை செய்பவரோ உறவினரோ சாவியால் திறந்து எடுத்தால் பல பாலிசிகள் கைவிரித்துவிடும். வீடு தொடர்ந்து எத்தனை நாள் பூட்டிக் கிடக்கலாம் என்பதற்கும் வரம்பு இருக்கும். பிள்ளைகளைப் பார்க்க மாதக்கணக்கில் அமெரிக்கா போகும் பெற்றோர் நிறைந்த ஊரில் இந்த வரியை விட்டுவிடக் கூடாது. வெடிபொருள்கள் கிருஹ ரக்ஷாவின் விலக்குப் பட்டியலில் இருப்பதால் தோட்டாக்களுக்கும் அதில் பணம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

மதிப்பு போடுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். கிருஹ ரக்ஷாவில் நகை, ஓவியம், பழம்பொருள் போன்றவற்றை 'விலைமதிப்புள்ள பொருள்கள்' என்ற கூடுதல் பிரிவில், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் சேர்க்கலாம். மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒவ்வொன்றும் 1 லட்சத்துக்குள் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கி வைத்திருப்பவர் இந்த வசதியில் மயங்கி 1 லட்சத்துக்குள் எழுதிவிட்டால் இழப்பு அவருக்குத்தான். தனிநபர்கள் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி தருவிப்பது 1980-களின் நடுவிலிருந்து ஏறத்தாழ நின்றுபோனதால், ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் பழைய வெப்லி ஸ்காட்டும் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டும் கைமாறும் விலை, அவை பிறந்த நாட்டு விலையோடு ஒட்டுவதே இல்லை. 'அதே போன்ற புதியது வாங்கித் தருவோம்' என்ற வாக்குறுதிக்கு இங்கே பொருளில்லை, வெளிநாட்டிலிருந்து புதியது வராது. கான்பூர் தொழிற்சாலையின் 0.32 ரிவால்வருக்கு அந்த வாக்குறுதி போதும், கடையில் கிடைக்கும். தாத்தாவின் துப்பாக்கிக்கு ஒப்புக்கொண்ட மதிப்பு மட்டுமே வழி. உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், படங்களுடன் பாலிசியில் இணைக்கச் சொல்லுங்கள். பொதுத்துறைக் காப்பீட்டில் துப்பாக்கிக்கென்றே தனிப் பாலிசி இருந்துவந்திருக்கிறது. கிளையில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து பழைய புனே மூழ்கியதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2019 செப்டம்பரில் ஆம்பில் ஓடை பொங்கியது. 2024 ஜூலையில் கடக்வாஸ்லா அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது சிங்ககட் சாலையின் ஏக்தா நகரி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த துப்பாக்கியை உடனே துடைத்து எண்ணெயிட வேண்டும். ஆனால் அதற்கு முன் நிறுவனத்துக்குத் தெரிவித்து, படமெடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளம் தந்த சேதத்துக்குப் பணம் உண்டு, நாளாவட்டத்தில் ஏறிய துருவுக்குக் கிடையாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்தப் படங்கள்தான். பாலேவாடிக்கும் வெளியூர்ப் போட்டிகளுக்கும் எடுத்துச் செல்லும் வீரர்கள் பயணத்துக்கான பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. துப்பாக்கி போனால் உரிமையாளருக்குச் சில லட்சம் நட்டம். அந்தத் துப்பாக்கியால் ஒருவர் செத்தாலோ ஊனமானாலோ போவது ஒரு குடும்பம். துடைக்கும்போது கவனக்குறைவால் வெடிக்கலாம்; பூட்டாத மேசையிலிருந்து பேரன் எடுக்கலாம். மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பொறுப்புக் காப்பீடு இல்லாமல் துப்பாக்கியின் விலைக்கு மட்டும் காப்பீடு எடுப்பது பாதிக் காப்பீடுகூட இல்லை என்பேன். பொருளின் மதிப்பைப்போலப் பல மடங்கு தொகைக்கு இந்தப் பொறுப்புப் பிரிவை எடுக்க வேண்டும். ஆயுதங்கள் அதில் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தபிறகே கையெழுத்திட வேண்டும். வேண்டுமென்றே செய்த செயலுக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுவது 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு சிறை வரை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் தரக்கூடிய குற்றம். அதில் காயம்பட்டவருக்குப் பணம் தரும் பாலிசியைத் தேட வேண்டாம், சுடாமல் இருங்கள்.

உரிமம் கேட்கும்போதே பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்று உறுதிமொழி தருகிறோம். தரையிலோ சுவரிலோ திருகிப் பொருத்திய இரும்புப் பெட்டி, தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, இரண்டின் சாவிகளும் வீட்டில் ஒரே கொக்கியில் தொங்காத ஏற்பாடு ஆகியவை அந்த உறுதிமொழியின் நடைமுறை. பாலிசியின் 'நியாயமான முன்னெச்சரிக்கை' நிபந்தனைக்கும் இவையே சாட்சி. திருட்டுப் போனால் முதலில் காவல் நிலையம், அன்றே நிறுவனம். தாமதித்தால் உரிம நிபந்தனையும் பாலிசி நிபந்தனையும் ஒன்றாக மீறப்படும். பணம் வாங்கியபின் துப்பாக்கி மீட்கப்பட்டால் அது யாரிடம் போகும் என்பதையும் முன்பே கேட்டுவையுங்கள். அதை வைத்திருக்க நிறுவனத்துக்கும் ஆயுதச் சட்டம் பொருந்தும்.

நியாயமான கோரிக்கையை நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. புனேக்காரர்கள் மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. அவருடைய அலுவலகம் ஒன்று புனேயிலேயே நாராயண் பேட்டையில் இருக்கிறது.