முகம் கழுவிய ஜாடி

குழாயைத் திருகியதும் நீர் கொட்டும் வீட்டில் வாழ்வோருக்கு, முகம் கழுவுவது ஒரு வேலையாகவே தோன்றுவதில்லை. பிரான்சு நாட்டிலோ ஒரு காலத்தில் அது தனிச் சடங்காகவே இருந்தது. அதற்கென்றே அழகிய மட்பாண்டங்களும் தோன்றின. அவற்றின் கதையை ஈண்டுச் சிறிது காண்போம்.

‘ஃபயான்ஸ்’ என்பது அப்பாண்டத்தின் பெயர். இத்தாலியிலுள்ள ஃபாயென்சா என்னும் ஊர்ப் பெயரே பிரெஞ்சு நாவில் இவ்வாறு திரிந்தது. ஒருமுறை சுட்ட மண்பாண்டத்தின் மீது வெள்ளீயச் சாம்பல் கலந்த மெருகைப் பூசுவர். அது உலர்ந்ததும், கோபால்ட் நீலம் முதலிய வண்ணங்களால் பூவும் கொடியும் தீட்டி, மீண்டும் சூளையில் இடுவர். மெருகு வெண்மையாய் உருகி, மண்ணின் நிறத்தை மறைத்துவிடும். உலர்ந்த பூச்சு வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடுமாதலால், இட்ட கோட்டைத் திருத்துவது அரிது. நெவேர், ரூவான், மூஸ்தியே ஆகிய ஊர்கள் இத்தொழிலில் புகழ் பெற்றவை.

செல்வர்கள் முதலில் வெள்ளியையே விரும்பினர். 14-ஆம் லூயி மன்னரின் போர்ச் செலவுக்காக 1689-இலும் 1709-இலும் வெள்ளிச் சாமான்கள் உருக்கப்பட்டன. அதன்பின் பிரபுக்களும் மண்ணை நாடினர்.

வெந்நீர் தோலின் துளைகளைத் திறந்து நோயை உள்ளே விடும் என்ற அச்சம் அக்காலத்தில் பலருக்கு இருந்தது. ஆகவே கையும் முகமும் கழுவச் சிறு ஜாடியும் தட்டமும் போதுமாயின. நாவிதரின் கிண்ணம் இன்னும் வியப்புக்குரியது. அதன் விளிம்பில் பிறை போன்ற ஒரு வெட்டு இருக்கும். அதைக் கழுத்தோடு பொருத்திக் கொண்டால் நுரை உடையில் சிந்தாது.

19-ஆம் நூற்றாண்டில் அச்சம் குறையவே, ஜாடி பெருத்தது. சார்கமீன், ஜியான் ஆலைகள் ஜாடி, பேசின், சோப்புப் பெட்டி முதலியவற்றை ஒரே சித்திரத்தோடு செட்டாகச் செய்து விற்றன. நடுத்தரக் குடும்பங்களும் அவற்றை வாங்கின.

ஜாடி அழகுதான், அதற்கு நீர் சுமந்தவர் யார்? பாரிஸ் நகரில் அப்பணியைச் செய்தவருள் பலர், ஒவேர்ஞ் மலைநாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். தோளில் இரு வாளிகளைத் தாங்கி மாடி மாடியாக ஏறினர். வீடுகளுக்குக் குழாய் வந்ததும் அத்தொழில் மறைந்தது. அவர்கள் சோர்ந்து போகவில்லை. கரியும் ஒயினும் விற்றனர். அக்கடைகளுள் பல பின்னர் காப்பிக் கடைகளாயின.

அதே குழாய் ஜாடியையும் ஓய்வு கொள்ளச் செய்தது. 1821-இல் தோன்றிய ஜியான் ஆலை இன்றும் இயங்குகிறது. சார்கமீன் ஆலையோ 2007-இல் மூடப்பட்டது. பழைய ஜாடிகள் பொருட்காட்சிச் சாலைகளில் கண்ணாடிக்குப் பின்னே வறண்டு நிற்கின்றன.

கோடையில் குழாய் வறண்ட நாட்களில், குடத்தை இடுப்பில் ஏந்தி ரயில்வே குடியிருப்பின் மூன்று மாடி ஏறிய நம் இல்லத்தரசியருக்கு இக்கதையை விளக்க வேண்டுவதில்லை. நாமும் ஊர் விட்டு ஊர் வந்தவர்களே. ஜாடியின் பூவேலையை வியக்கும்போது, அதற்காக நீர் சுமந்த தோளையும் நினைப்போமாக.