30 நாளில் அறிக்கையை வாசிப்பது யார்?

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையொன்று பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதாகப் பத்திரிகையில் அறிவித்தல் வரும்போதெல்லாம் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் தலைகாட்டுகிறது. 30 நாளுக்குள் கருத்துச் சொல்லவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் அந்த 30 நாளைப் பலர் வாக்கெடுப்புக் காலமாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆயிரம் கையெழுத்துச் சேர்ந்தால் திட்டம் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் ஊர்ச் சங்கங்கள் மனுவோடு வீடுவீடாக ஏறி இறங்குகின்றன. கையெழுத்தை எண்ணிப் பார்க்கும்படி சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. கருத்துகளுக்குப் பதில் எழுதப்படவேண்டும் என்று மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தச் சிறு கடமையைச் சரியாகப் பயன்படுத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் மிகக் குறைவு.

1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தில் இந்த மதிப்பீட்டைச் சேர்த்தது 1988ஆம் ஆண்டுத் திருத்தம். நடைமுறை விதிகள் 1993இல் வர்த்தமானியில் வெளியாயின. அந்த விதிகளின்படி, 30 நாள் முடிந்ததும் வந்த கருத்துகள் திட்டக்காரரிடம் அனுப்பப்படுகின்றன. அவர் எழுத்தில் பதில் தரவேண்டும். திட்டத்தை மாற்றலாம், புதிய மாற்றுவழியை ஆராயலாம், ஆய்வை விரிவாக்கலாம், தரவில் உள்ள பிழையைத் திருத்தலாம். இவை எதுவுமே தேவையில்லை என்று கருதினால், ஏன் தேவையில்லை என்று விளக்கவேண்டும். அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு விதிகளிலும் இதே கடமை இருந்தது. இது சாமர்த்தியமான ஏற்பாடு. அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகர்கள் திட்டக்காரரின் பணத்தில் வேலைசெய்கிறவர்கள். அவர்கள் தாமாகக் கேட்கத் தயங்கும் கேள்வியை வெளியிலிருந்து ஒருவர் கேட்டுவிட்டால், அது கோப்பில் ஏறிவிடுகிறது. பின்னர் நீதிமன்றம் போனால் அந்தக் கேள்வியும் அதற்கான பதிலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். மொட்டையான கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லித் தப்பிவிடலாம். குறிப்பான கேள்வியிடம் அது செல்லாது.

‘எங்கள் கிணற்றுத் தண்ணீர் பழுதாகும்’ என்று வலிகாமத்திலிருந்து ஒரு மனு போனால், ‘உரிய தணிப்பு நடவடிக்கைகள் எடுக்கப்படும்’ என்று பதில் வரும். சட்டப்படி அது பதில்தான். அதே ஊரிலிருந்து வேறு விதமாகவும் எழுதலாம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்பதையே மனிதரும் தோட்டமும் குடிக்கின்றன. கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் அந்தப் பாறைக்குள் நீர் எவ்வளவு தாராளமாக ஓடுகிறது என்பதற்குச் சாட்சி. அப்படியானால், திட்டத்தில் கழிவெண்ணெய்த் தொட்டியொன்று இருந்தால், அது அமையும் இடத்தில் பாறையில் வெடிப்போ பொந்தோ உண்டா என்று துளையிட்டுப் பார்த்தார்களா? கிணற்று நீர் மாதிரிகள் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டன? மாரிக்கு முன்னும் பின்னும் இரண்டு தடவை எடுத்தார்களா, ஒரே தடவையா? எண்ணெய், கிறீஸ் சோதனை செய்யப்பட்டதா, அல்லது வழமையான உவர்ப்பும் நைத்திரேற்றும் மட்டுமா? இந்தக் கேள்விகளைத் ‘தணிப்பு நடவடிக்கை’ என்ற சொற்றொடரால் மூடமுடியாது. ஆம் என்றால் தரவைக் காட்டவேண்டும்; இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுதவேண்டும்.

இப்படிக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சுன்னாகம் போதும். 2013, 2014ஆம் ஆண்டுகளில் அங்குள்ள அனல் மின் நிலையத்தைச் சுற்றி 150 கிணறுகளைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீஸும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தன. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு இதற்கு மாறான முடிவைச் சொன்னது. இரண்டுமே நிபுணர்களின் பெயரால் வந்தவை. எந்த மாதிரி, எந்த ஆழத்தில், எந்த முறையில் என்பதை ஒப்பிட்டுச் சொல்லும் பொதுவான இடம் எதுவும் இல்லாததால் சனம் இடையில் நின்று தவித்தது. கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த மின் நிலையத்தை நடத்திய நோதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்றது. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் தம் கடமையில் தவறின என்றும் கூறியது. தீர்ப்பு பெரியது, சூழல் வழக்குகளில் தொடர்ந்து பேசப்படுவது. ஆனாலும் அது பழுதான பிறகு வந்த தீர்ப்பு. பாறைக்குள் இறங்கிய எண்ணெயைத் தீர்ப்பால் வெளியே எடுக்கமுடியாது.

இங்கேதான் ‘திறன் விருத்தி’ என்று அதிகாரிகள் பெருமையோடு சொல்லும் விடயத்தை நிறுத்தி விசாரிக்கவேண்டியிருக்கிறது. மதிப்பீட்டாளர்களுக்கென உலகளாவிய தொழில்சார் சங்கம் 1980இலேயே தொடங்கிவிட்டது. 1999இல் அது நல்ல மதிப்பீட்டுக்கான கோட்பாடுகளை வெளியிட்டது. பயிலரங்கு, ஆண்டு மாநாடு, ஆய்விதழ் என்று வளர்முக நாடுகளின் தொழில்வாண்மையாளர்களை இணைத்திருக்கிறது. இதன் பயனை மறுக்கமுடியாது. போருக்குப் பின் வட மாகாணத்துக்கென ஓர் ஒருங்கிணைந்த மூலோபாய சுற்றாடல் மதிப்பீடு பல திணைக்களங்கள் கூடித் தயாரித்து 2014இல் வெளியானது. எந்த நிலத்தில் எது தகும் என்று முழு மாகாணத்தையும் ஒன்றாகப் பார்த்த அந்த வேலை இந்த வகைப் பயிற்சி இல்லாமல் நடந்திராது. ஆனால் தனியொரு திட்டத்தை நிறுத்தும் சட்டவலு அதற்கு இல்லை. இன்னொன்றும் உண்டு. பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் அறிக்கை எழுதுகிறவர்களும் அதற்கு அனுமதி கொடுக்கிற அலுவலர்களும். எழுதுகிற கையின் திறன் வளர்ந்தது. வாசித்துக் கேள்வி கேட்கும் ஊரின் திறனை வளர்ப்பது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. இந்த ஏற்றத்தாழ்வு நீடித்தால், பயிற்சி கூடக்கூட அறிக்கை இன்னும் அழகாகும், ஓட்டைகள் இன்னும் கவனமாக மறையும்.

ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியா அதைச் செய்திருக்கிறது. அங்கே ஆலோசக நிறுவனங்கள் அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும். இரத்தினகிரி மாவட்டத்துப் பொக்சைற் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் ரஷ்யச் சுரங்கமொன்றின் தரவுகள் அப்படியே இருந்தது அம்பலமான நாடு அது, ஆகவே உரிமத்தின் தேவை விளங்குகிறது. ஆனால் உரிமம் பெற்றவருக்கும் சம்பளம் கொடுப்பவர் திட்டக்காரரே. நெதர்லாந்தில் அறிக்கைகளைப் பரிசீலிக்கச் சுயாதீன ஆணைக்குழுவொன்று 1980களிலிருந்து இயங்குகிறது. அதன் கருத்துரை பகிரங்கமாக வெளியாகிறது. இலங்கையில் அந்த வேலை செயற்றிட்டத்தை அங்கீகரிக்கும் நிறுவனத்திடம் இருக்கிறது. திட்டக்காரரே அங்கீகரிப்பவராக இருக்கக்கூடாது என்ற பாதுகாப்பு சட்டத்தில் உண்டு. ஆனால் முதலீட்டைக் கொண்டுவருவதையே கடமையாகக் கொண்ட முதலீட்டுச் சபையும் அங்கீகரிக்கும் நிறுவனங்களுள் ஒன்று. திட்டக்காரர் எழுதிய பதில் போதுமா, போதாதா என்று இத்தகைய நிறுவனம் தீர்மானிப்பது எனக்குக் கவலை தருகிறது. பதில் எழுதவேண்டும் என்ற நல்ல விதியைப் பலவீனமாக்கும் இடம் இது.

மறுபரிசீலனை என்று சொன்னாலே அபிவிருத்தி தாமதமாகும் என்பார்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் 2009ஆம் ஆண்டுக் கொள்கை, பெரிய பாதிப்புள்ள திட்டங்களின் வரைவு அறிக்கையை வங்கிச் சபை பரிசீலிப்பதற்கு 120 நாள் முன்னதாகவே பகிரங்கப்படுத்தக் கேட்டது. கடன் கொடுக்கும் வங்கி 120 நாள் காத்திருக்கலாம் என்றால், கிணற்றை இழக்கப்போகும் ஊருக்கு 30 நாள் எப்படிப் போதும்? இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்த பிறகே தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. விவசாயிகளின் கேள்வி தொடக்கத்திலேயே ஆய்வுக்குள் வந்திருந்தால் அங்கே மிச்சமாகியிருக்கக்கூடியது காலந்தான்.

வாசிக்கக்கூடியவர்கள் இங்கே இல்லை என்பது இன்னொரு வாதம். அது உண்மையல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியலும் இரசாயனவியலும் உண்டு. அதன் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சியில் இருக்கின்றன. மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் குறைவில்லை. உள்ள சிக்கல் வேறு: சிறிய சமூகம் என்பதால் இன்று ஆலோசகராக இருப்பவரே நாளை பரிசீலனைக் குழுவிலும் அமரக்கூடும். இதற்குத் தொழில்சார் வலையமைப்பு தேவை, ஆனால் சான்றிதழ் வழங்கும் வலையமைப்பு அல்ல. யார் எந்தத் திட்டத்தில் ஊதியம் பெற்றார் என்ற பதிவேட்டை அது பகிரங்கமாக வைக்கவேண்டும். அறிவித்தல் வந்த முதல் வாரத்திலேயே, அத்திட்டத்தில் சம்பந்தமில்லாத நாலைந்து பேர் அறிக்கையை வாசித்து, ஊர்ச் சங்கம் கேட்கவேண்டிய பத்துக் கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். இதற்கு வெளிநாட்டு நிதி வேண்டாம். பல்கலைக்கழகமும் தொழில்வாண்மைச் சங்கங்களும் இந்த ஆண்டே தொடங்கலாம்.

கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

யாருக்கு எழுதுவது? அறிவித்தலில் பெயர் குறிப்பிட்ட நிறுவனத்துக்கு; பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதலாமா? தாராளமாக, தமிழ் அரசகரும மொழி.

பகிரங்க விசாரணை கட்டாயமா? இல்லை, அந்த நிறுவனம் விரும்பினால் நடத்தலாம். ஆகவே கருத்தோடு சேர்த்து அதையும் எழுத்தில் கேளுங்கள்.

ஆரம்ப சுற்றாடல் பரிசோதனைக்கும் 30 நாள் உண்டா? 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இல்லை, ஆனால் அந்த அறிக்கை பொது ஆவணம், கேட்டுப் பார்க்கலாம்.

திட்டக்காரர் எழுதிய பதிலைத் தரமறுத்தால்? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள், இனி? அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பு தரும் காலம் ஒரு மாதம். சட்டத்தரணியை உடனே பாருங்கள்.