நெல்லின் இலைக்கருகலும் அதன் கிருமி திறக்கும் மடையும்

கல்வராயன் மலையில் உற்பத்தியாகும் கோமுகியும் மணிமுத்தாவும் கள்ளக்குறிச்சிப் பக்கத்து நன்செய்களுக்கு நீர் ஊட்டுவன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் காற்றும் ஒருங்கே அடித்து, வயல் விட்டு வயலுக்கு நீர் பெருகும் காலத்தில், சம்பாப் பயிரில் பாக்டீரியா இலைக்கருகல் காண்பதுண்டு. இலையின் நுனியிலும் ஓரங்களிலும் மஞ்சள் நிறம் அலையலையாய்த் தோன்றிக் கீழ்நோக்கி இறங்கும்; பிறகு அப்பாகம் வைக்கோல் போல் உலர்ந்துவிடும். நடவு செய்த சில வாரங்களுக்குள் நோய் பற்றினால் இளம்பயிர் முழுவதுமே வாடி மடிவதும் உண்டு. இதைத் தழைச்சத்துக் குறைவென்று கருதி மேலும் யூரியா இடுவோர் இருக்கின்றனர். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதற்கு ஒப்பாகும். தழைச்சத்து மிகுந்த பயிரையே இந்நோய் அதிகமாய் நாடும்.

நோயைத் தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. கருகலும் பச்சையும் சேருமிடத்தில் இலையைக் கத்தரித்து, கண்ணாடித் தம்ளரிலுள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் படும்படி நிறுத்த வேண்டும். சிறிது நேரத்தில் வெட்டுவாயினின்று பால் போன்ற கசிவு இறங்குமாயின் ஐயத்துக்கு இடமில்லை. அக்கசிவு முழுவதும் ‘சாந்தோமோனாஸ் ஒரைசே’ என்னும் கிருமிக் கூட்டமே. 1884-ஆம் வருஷத்தில் ஜப்பான் தேசத்துக் குடியானவர்கள் முதலில் கண்ட இந்நோய், இந்தியாவில் 1951-இல் மகாராஷ்டிரப் பகுதியில் காணப்பட்டது. 1963-இல் பீகாரில் பெருவாரியாய்ப் பரவிற்று.

கண்ணுக்குத் தெரியாத இக்கிருமி நெல்லை வெல்லும் வகை வியக்கத்தக்கது. ஒவ்வோர் உயிரிலும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் உள்ளன. அவை எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. ஏரியின் மதகுகளில் வேண்டியதை மட்டும் திறந்து மற்றவற்றை அடைத்து வைப்பது போலவே, உயிர்களும் மரபணுக்களைத் திறந்தும் அடைத்தும் ஆளுகின்றன. நெல்லில் சர்க்கரையை உயிரணுவுக்கு வெளியே விடும் மரபணுக்கள் சில உண்டு. ‘ஸ்வீட்’ என்பது அவற்றின் பெயர். இலை ஓரத்து நீர்த்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் உள்ளே புகுந்த கிருமி, ஊசி போன்ற குழல் ஒன்றினால் தன் புரதங்களைப் பயிரின் உயிரணுவுக்குள் செலுத்துகிறது. அப்புரதம் ஸ்வீட் மரபணுவின் முகப்பைக் கண்டு பற்றி, அதைத் திறந்துவிடுகிறது. இரவில் வந்து அடுத்தவன் மடையைத் திறந்து தன் வயலுக்கு நீர் பாய்ச்சிக்கொள்பவன் செயலே இது. கசியும் சர்க்கரையை உண்டு கிருமி பெருகுகிறது. அப்புரதம் தனக்குரிய முகப்பை எவ்வாறு அடையாளம் காண்கிறது என்னும் இரகசியத்தை 2009-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே வெளிப்படுத்தினர்.

கிருமியும் தன் மரபணுக்களை அடக்கியே வைத்திருக்கிறது. சத்து நிறைந்த ஊட்டக் குழம்பில் வளரும்போது ஊசிக்குழல் மரபணுக்கள் அடைபட்டிருக்கும்; பயிருக்குள் புகுந்த பின்னரே திறக்கும். இவற்றில் ஒன்றைக் கெடுத்துவிட்டால், கிருமி உயிரோடிருந்தும் நெல்லுக்குத் தீங்கு செய்யமாட்டாது. மரபணு திறந்து மூடும் முறையைப் பாரிஸ் நகரத்து ஜாக்கோப், மோனோ என்னும் இருவர் 1961-இல் விளக்கினர். 2013-இல் புதிய கருவியொன்று வந்தது: வெட்டும் சக்தி நீக்கப்பட்ட புரதம் ஒன்று, சிறு வழிகாட்டி இழையின் துணையால், குறித்த மரபணுவின்மேல் போய் உட்கார்ந்து அதை வேலை செய்யவொட்டாது தடுக்கிறது. வேண்டிய மரபணுவை வேண்டியபோது அடக்கிப் பார்க்க இயலுவதால், கிருமியின் எந்த உறுப்பைத் தாக்கினால் அது தளரும் என்று அறியலாம். 2015-இல் இந்திய விஞ்ஞானிகள் காசநோய்க் கிருமியின் இனத்தில் இதைக் கையாண்டு காட்டினர். எனினும் இது ஆராய்ச்சிக்கூடத்துக்குரிய கருவி. வயலில் தெளிக்கும் மருந்தன்று. கிருமியின் மரபணுவை அடக்கும் மருந்து என்று எவரேனும் பொட்டலம் கொண்டு வந்தால் பணத்தைக் கொடாதிருத்தல் நலம்.

குடியானவருக்கு இவ்வறிவின் பயன் விதையின் மூலமாகவே கிட்டியிருக்கிறது. சில நெல் வகைகளில் ஸ்வீட் மரபணுவின் முகப்பு இயற்கையிலேயே மாறியிருப்பதால், கிருமியின் புரதத்துக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. ‘எக்ஸ்.ஏ. 13’ எனப்படுவது இதுவே. ‘எக்ஸ்.ஏ. 21’ என்பதோ ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக் காட்டு நெல்லினின்று வந்தது. கிருமி வருவதை உணர்ந்து பயிரை எழுப்பும் காவற்காரன் போன்றது. இவ்விரண்டுடன் ‘எக்ஸ்.ஏ. 5’ என்பதையும் கூட்டி, ஐதராபாத்திலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தாரும், பி.பி.டி. 5204 என்று தமிழ்நாட்டுக் களங்களில் வழங்கும் சம்பா மசூரியில் ஒட்டுக்கலப்பு முறையால் சேர்த்தனர். 2008-இல் வெளியான ‘மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி’ இதுவே; அரிசியின் சன்னமும் சுவையும் பழையபடியே உள்ளன. மூன்றையும் ஒருங்கே சேர்த்ததற்குக் காரணமுண்டு. ஒரு தடையை மட்டும் வைத்தால், கிருமி சில காலத்தில் மாறி அதைத் தாண்டிவிடும். 2019-இல் அயல்நாட்டு ஆராய்ச்சியாளர் மூன்று ஸ்வீட் மரபணுக்களின் முகப்புகளையும் திருத்தி, நோய் தாங்கும் நெல்லை உண்டாக்கினர்.

பி.பி.டி. 5204 பயிரிட்டு ஆண்டுதோறும் கருகலால் நஷ்டப்படுவோர், மேம்படுத்திய விதை கிடைக்குமா என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் நாற்றங்காலுக்கு முன்பே விசாரித்தல் வேண்டும். விதை தாமதப்படுமாயின் சாகுபடி முறைகளையே நம்ப வேண்டியிருக்கும். நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளுதல் கூடாது. அக்காயமே கிருமிக்கு வாயில். தழைச்சத்தைப் பல தவணையாக அளவோடு இடுக. நோய் கண்டதும் 20 சதவீதப் புதுச் சாணக் கரைசலைத் தெளித்து, 15 நாட்கள் சென்று மறுபடியும் தெளிக்கலாம். நோயுற்ற வயலின் நீர் அடுத்த வயலில் இறங்காதவாறு வடிகாலைத் தனியே திருப்ப வேண்டும். ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர் எல்லோரும் இசைந்தாலன்றி இது முடியாதாகையால், கிராம அதிகாரிகளும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தாரும் ஐப்பசி மழைக்கு முன்னரே கூடி, எந்த வயலின் வடிநீர் எவ்வழியே போவது என்பதை முடிவு செய்து வைத்துக்கொள்வது உசிதம்.