கணிப்பொறியிலிருந்து அச்சுத் தட்டுக்கு

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் வண்ண நாட்காட்டியை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் உற்றுப் பாருங்கள். வழுவழுப்பாகத் தெரிந்த படம் புள்ளிகளாகச் சிதறிப்போகும். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கே நிறப் புள்ளிகள்தாம் அத்தனை வண்ணங்களையும் காட்டுகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அச்சுத் தட்டு தேவை. ஆகவே ஒரு வண்ணப் படத்துக்கு நான்கு தட்டுகள். அச்சகத்தார் இவற்றைப் 'பிளேட்' என்றே சொல்வர்.

பிளேட் என்பது ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. கனம் பெரும்பாலும் 0.15 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை. அதன்மீது ஒளியால் மாற்றமடையும் ஒரு பூச்சு உண்டு. பூச்சு நிற்கும் இடம் எண்ணெய் மையைப் பற்றும். பூச்சு நீங்கி உலோகம் தெரியும் இடம் நீரைப் பற்றி மையை விலக்கும். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்னும் இந்த எளிய உண்மையைக் கொண்டே 1796-இல் அலாய்ஸ் செனிபெல்டர் மியூனிக் நகரில் கல் அச்சு முறையைக் கண்டார். இன்றைய ஆப்செட் அச்சு அதன் வழித்தோன்றலே ஆகும்.

முன்பெல்லாம் பக்கத்தை முதலில் பிலிமில் எடுப்பார்கள். பிலிம் துண்டுகளை விளக்கு மேசைமீது அளந்து ஒட்டி, தட்டின்மேல் அழுத்தி, புற ஊதா ஒளி பாய்ச்சுவார்கள். இடையில் ஒரு தூசி அகப்பட்டால் அது முகத்தில் மருவாக அச்சாகும். 1990-களில் பிலிமை அறவே நீக்கி, கணிப்பொறி அனுப்பும் கட்டளைப்படி லேசர் கதிரே தட்டில் நேராக எழுதும் முறை வந்தது. 1995-இல் ஜெர்மனியின் டுசல்டார்ப் நகரில் நடந்த துருபா கண்காட்சியில் இத்தகைய இயந்திரங்கள் பல காட்சிக்கு வந்தன. இதைத்தான் 'சி.டி.பி.' என்கிறோம்.

இப்போது உங்கள் உறவினர் ஒருவர் சிறிய ஆப்செட் அச்சகம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கடன் வாங்கி ஒரு சி.டி.பி. இயந்திரம் வாங்க எண்ணுகிறார். "மணிக்கு எத்தனை பிளேட் போடும்?" என்பதே அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். விற்பவரும் அதற்குத்தான் ஆவலோடு விடை சொல்வார். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, "இது எந்தப் பிளேட்டில் எழுதும்?" என்பது. இயந்திரத்தை ஒருமுறை வாங்குகிறோம். பிளேட்டை நாள்தோறும் வாங்குகிறோம். இயந்திரத்தின் லேசர் எதுவோ அதற்கேற்ற பிளேட்டைத்தான் அது உள்ளவரை வாங்க முடியும்.

இன்று வழக்கிலுள்ளவை மூன்று குடும்பங்கள். முதலாவது வெப்பப் பிளேட், அதாவது 'தெர்மல்'. 830 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் இதில் எழுதுகிறது. இங்கே வேலை செய்வது வெப்பம். குறிப்பிட்ட வெப்ப அளவை எட்டும்வரை பூச்சில் ஒன்றும் நிகழாது, எட்டியதும் மாறிவிடும். பாதி மாற்றம் என்பதற்கு இடமில்லை. ஆகவே புள்ளியின் ஓரம் கத்தரித்தாற்போல் இருக்கும். சாதாரண விளக்கொளியில் சிறிது நேரம் வைத்துக் கையாளவும் முடியும்.

இரண்டாவது வயலட் பிளேட். 405 நானோமீட்டர் ஊதா லேசர் இதற்கு உரியது. புளூ-ரே வட்டுகளைப் படிப்பதும் இதே வகை லேசர்தான். ஒளி பட்ட இடத்தில் ஒரு மூலக்கூறில் தொடங்கும் வினை அண்டை மூலக்கூறுகளுக்குத் தொடர்ந்து பரவிப் பூச்சை இறுகச் செய்கிறது. ஆகவே மிகச் சிறிதளவு ஒளியே போதும். அதனாலேயே இதை மஞ்சள் விளக்கறையில் வைத்துக் காக்கவும் வேண்டும். விடிவதற்குள் பதிப்பை முடிக்க வேண்டிய நாளிதழ் அச்சகங்கள் பல இதை விரும்பி ஏற்றன.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கணக்கால் பார்ப்போமா? 1030-க்கு 790 மில்லிமீட்டர் பிளேட்டின் பரப்பு ஏறத்தாழ 8,100 சதுர சென்டிமீட்டர். வெப்பப் பிளேட்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 120 மில்லிஜூல் ஆற்றல் வேண்டும் என்று கொண்டால், முழுத் தட்டுக்கு 1,000 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. ஒரு தேக்கரண்டி நீரை 45 டிகிரிக்கு மேல் சூடேற்ற அது போதும்! வயலட் பிளேட்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 50 மைக்ரோஜூல் என்றால், முழுத் தட்டுக்கும் அரை ஜூல்கூட ஆகாது. இதனால்தான் வயலட் இயந்திரத்தில் ஒரே ஒரு சிறிய லேசர், சுழலும் கண்ணாடியின் உதவியால் தட்டு முழுவதும் ஓடி எழுதிவிடுகிறது. வெப்ப இயந்திரத்திலோ பிளேட்டை ஓர் உருளைமேல் சுற்றிச் சுழற்றி, பல லேசர்களை வரிசையாக மிக அருகில் நிறுத்தி எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, பிலிம் காலத்திலிருந்தே நாம் அறிந்த சாதாரணப் பிளேட்டில் புற ஊதா ஒளியை ஒட்டிய லேசரால் எழுதும் முறை. பிளேட்டைப் பலர் செய்கிறார்கள். விலையும் பொதுவாகக் குறைவு. இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் இருப்பதும் 405 நானோமீட்டர் லேசரே. "இரண்டும் 405 தானே, வயலட் இயந்திரத்தில் சாதாரணப் பிளேட்டைப் போட்டால் என்ன?" என்று சிலர் எண்ணுகிறார்கள். அலைநீளம் ஒன்றாயினும் ஆற்றல் தேவை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபடும். வயலட் லேசர் சாதாரணப் பிளேட்டில் ஒரு கீறலும் போடாது.

தவறான குடும்பத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. தொடக்கக்கால இயந்திரங்கள் பல 488 நானோமீட்டர் நீல லேசரையும் 532 நானோமீட்டர் பச்சை லேசரையும் கொண்டிருந்தன. வெப்ப முறையும் வயலட்டும் பரவியதும் அவற்றுக்கான பிளேட்டுகள் சந்தையிலிருந்து மறைந்தன. இயந்திரம் நன்றாக ஓடினாலும் எழுதுவதற்குப் பலகை இல்லாத கதை! பழைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர் இதை மறக்கக் கூடாது. குறைந்தது இரண்டு நிறுவனங்களாவது அதற்குரிய பிளேட்டைத் தருகின்றனவா என்று கேட்டுவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும்.

இனி வேகம். நம் உறவினர் நாளொன்றுக்கு ஐந்து வண்ண வேலைகள் செய்தால் 20 பிளேட். மணிக்கு 10 போடும் இயந்திரம் இரண்டு மணியில் முடித்துவிடும். மணிக்கு 20 போடுவதை வாங்கினால் அது எஞ்சிய நேரமெல்லாம் தூங்கும். சிவகாசியில் புத்தாண்டுக்கு முன் நாட்காட்டி வேலை குவிவதுபோல் குவியும் ஊரானால் மட்டும் கணக்கு மாறும். நுணுக்கத்திலும் இப்படியே. அங்குலத்துக்கு 2,400 புள்ளி என்றால் ஒரு புள்ளி 10.6 மைக்ரான். அங்குலத்துக்கு 150 வரியுள்ள படத்தில் ஒவ்வொரு கட்டமும் 16-க்கு 16, அதாவது 256 நுண்புள்ளிகள் பெறும். நாட்காட்டிக்கும் துண்டறிக்கைக்கும் அது தாராளம்.

உண்மையில் இயந்திரமே தேவையா என்றும் கேட்க வேண்டும். வெளியே காசு கொடுத்துப் பிளேட் எடுத்துவரும் கூடங்கள் அச்சுத்தொழில் நகரங்களில் உள்ளன. வெளியே எடுப்பதால் பிளேட்டுக்கு 100 ரூபாய் கூடுதல் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 20 பிளேட். சொந்த இயந்திரத்தால் மிச்சம் 6 லட்சம். வேலை நாளுக்கு ஒன்றுதான், பிளேட் நான்குதான் என்றால் மிச்சம் 1 லட்சத்து 20 ஆயிரம், மாதம் 10,000. இயக்குபவர் சம்பளத்துக்கே அது காணாது. குளிர்சாதனம், மின்சாரம், கடன் வட்டி எல்லாம் இன்னும் வெளியே நிற்கின்றன. அப்படிப்பட்டவர் கூடத்துக்கே போய்வருவது நல்லது என்பேன்.

கழுவும் இயந்திரமும் காரக் கரைசலும் வேண்டாத பிளேட்டுகளும் இப்போது உண்டு. அச்சு இயந்திரத்தில் மாட்டியபின் அங்குள்ள நீரும் மையுமே பூச்சை நீக்கிவிடும். கழிவுநீர்த் தொல்லை குறையும். ஆனால் மாட்டுவதற்கு முன் தட்டில் படம் மங்கலாகவே தெரிவதால், பிழையைக் கண்ணால் பிடிப்பது கடினம். விலையும் அதிகம். நீரின் சமநிலையை ஒழுங்காகக் காக்கும் அச்சகத்துக்கே அது பொருந்தும்.

லேசர் பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பல லேசர்கள் உள்ள சில இயந்திரங்களில் ஒன்று போனாலும் மீதியைக் கொண்டு மெதுவாக ஓட்டலாம். ஒரே லேசர் உள்ளதில் அது போனால் வேலை நின்றுவிடும்.

செய்முறை காட்டும் நாளில் விற்பவர் தம்முடைய அழகான பூப்படத்தைத்தான் போட்டுக்காட்டுவார். நம் உறவினர் தம் அச்சகத்தில் தகராறு செய்த வேலையையே எடுத்துப் போகட்டும்: நான்கு வண்ணக் கரும்பின்னணியில் வெள்ளையாக விடப்பட்ட சிறிய தமிழ் எழுத்துகள் இருந்தால் மிக நல்லது. நான்கு பிளேட்டையும் மாட்டி நூறு தாள் ஓட்டி, 'ணை', 'ஞீ' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று அதே உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துக்கொள்ளட்டும்.