‘ஒன்றுமில்லை’ என்னும் விடை: காரணம் புலப்படாத மார்பக அறிகுறிகளும் மருத்துவ உரையாடலும்

முன்னுரை

மார்பகத்தில் வலி, வீக்கம், தடிப்பு, காம்பில் கசிவு ஆகியவற்றுள் ஒன்றைக் காணும் பெண்ணின் உள்ளத்தில் முதலில் எழுவது புற்றுநோய் பற்றிய அச்சமே ஆகும். சோதனைகள் முடிந்தபின் மருத்துவர் கூறும் ‘ஒன்றுமில்லை’ என்னும் சொல் அவ்வச்சத்தைத் தணிக்கிறது. எனினும் அறிகுறி நீடிக்குமாயின் அச்சொல்லே புதிய ஐயத்திற்கு இடமளிக்கிறது. ‘ஒன்றுமில்லை’ என்பது புற்று இல்லை என்பதா, காரணம் அறியப்படவில்லை என்பதா, இதுவரை செய்த சோதனையில் எதுவும் தென்படவில்லை என்பதா? இம்மூன்றும் வெவ்வேறு பொருளின; ஒவ்வொன்றையும் அடுத்து மேற்கொள்ள வேண்டிய செயலும் வேறானது. இவ்வேறுபாட்டை மருத்துவச் செய்திகளின் துணைகொண்டு விளக்குவதும், நோயாளி - மருத்துவர் உரையாடலில் அதன் இன்றியமையாமையை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிகுறியை உணர்த்தும் சொற்கள்

தமிழில் ‘மார்பு’ என்னும் சொல் நெஞ்சுப் பகுதி முழுமையையும் குறிக்கும்; பெண்ணின் மார்பகத்தையும் குறிக்கும். முலை, கொங்கை, நகில், தனம் எனச் சொற்கள் பல இருப்பினும் மருத்துவர்முன் அவற்றைச் சொல்லக் கூசுவோர் உளர். ஆதலால் ‘மார்பு வலி’, ‘நெஞ்சு வலி’ ஆகிய பொதுச்சொற்களே கைகொடுக்கின்றன. இவை இதய வலிக்கும், விலா எலும்பின் குருத்தெலும்பு வலிக்கும், மார்பக வலிக்கும் ஒருங்கே பொருந்துவன. ‘கட்டி’ என்னும் சொல்லும் சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, திண்மையான கட்டி ஆகிய மூன்றையும் தழுவி நிற்கிறது. மாறாக, அக்குளில் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்னும் மக்கள் வழக்கு நிணநீர்க் கணுக்களின் வீக்கத்தைத் தெளிவாகச் சுட்டுவதாகும். நோயைக் கண்டறியும் பணி இத்தகைய சொற்களிலிருந்தே தொடங்குவதால், அறிகுறி எங்கே, எப்பொழுது, எவ்வாறு என்பதைப் பிரித்துரைத்தல் முதற்படியாகிறது.

காலக் குறிப்பு இங்குச் சிறப்பிடம் பெறுகிறது. மாதவிடாய்க்கு ஓரிரு வாரம் முன் தொடங்கி, பெரும்பாலும் இரு மார்பகங்களிலும் பரவி, விலக்கு வந்தபின் தணியும் வலி சுழற்சி வலி எனப்படும். இது இயக்குநீர் மாற்றங்களோடு தொடர்புடையது. சுழற்சிக்கு உட்படாமல் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் வலி வேறு வகையைச் சார்ந்தது. அது மார்பகத்திலேயே தோன்றாமல், அதன் அடியிலுள்ள விலாக் குருத்தெலும்பிலிருந்தும் எழலாம். அத்தகைய வீக்க நிலை ஒன்றை ஜெர்மானிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் டீட்சே 1921இல் விவரித்தார். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மார்பகம் விலகியபின் விலா எலும்பை அழுத்தினால் அதே வலி தோன்றுமாயின் அதன் இடம் புலனாகும். இரண்டு மூன்று மாதங்களுக்கு வலி வந்த நாளையும் விலக்கு நாளையும் எழுதிவைக்கும் எளிய குறிப்பேடு இவ்வகைகளைப் பிரித்தறியப் பெரிதும் உதவுகிறது. கட்டியோ பிற மாற்றமோ இன்றி வலி மட்டும் உள்ளபோது, அது புற்றின் வெளிப்பாடாக இருப்பது அரிது.

பெயரிடுதலும் விளக்கமும்

காரணம் புலப்படாத இடத்தில் ஒரு நோய்ப்பெயர் விடையாக அமைந்துவிடுவதும் உண்டு. ‘ஃபைப்ரோசிஸ்டிக் நோய்’ என்பது அத்தகைய பெயர். 1982இல் லவ், ஜெல்மன், சைலன் ஆகியோர் எழுதிய கட்டுரை, இது நோய்தானா என்னும் வினாவையே எழுப்பியது. மிகப் பல பெண்களிடம் காணப்படும் மாற்றங்களை நோய் என அழைப்பது பொருந்தாது என்பது அவர்தம் கருத்து. 1987இல் ஹியூஸ், மேன்செல், வெப்ஸ்டர் ஆகியோர், மார்பகத்தின் வளர்ச்சி, மாதந்தோறும் நிகழும் மாற்றம், முதுமையில் ஏற்படும் ஒடுக்கம் ஆகிய இயல்பான நிகழ்வுகளின் சிறு பிறழ்வுகளாகவே தீங்கற்ற நிலைகள் பலவற்றை வகைப்படுத்தினர். இவ்வகைப்பாடு ‘ஒன்றுமில்லை’ என்பதற்கு மாற்றாக, ‘இயல்பின் ஒரு வேறுபாடு’ என்னும் பொருளுடைய விடையை அளித்தது. வலி உண்மையானது, அதற்கு நோய் என்னும் பெயர் தேவையில்லை என்பதே இதனால் பெறப்படுவதாகும்.

மும்முனைச் சோதனை

மார்பக அறிகுறிகளை ஆராய்வதற்கு மும்முனைச் சோதனை அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. மருத்துவர் கையால் செய்யும் பரிசோதனை, மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், தேவைப்படும்போது ஊசிவழியே எடுக்கும் திசுவின் ஆய்வு (பயாப்சி) ஆகியன அதன் மூன்று உறுப்புகள். இளம் வயதினரின் மார்பகம் அடர்த்தி மிக்கதாதலின் அவர்க்கு ஸ்கேன் முதலில் செய்யப்படுவது வழக்கம். இச்சோதனையின் வலிமை, முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில் உள்ளது. கைக்குத் தெளிவாகத் தட்டுப்படும் கட்டி மேமோகிராமில் தென்படவில்லையெனில் ஆய்வு முடிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. மேமோகிராம் சில புற்றுகளைக் காட்டத் தவறுவதுண்டு.

இதனை இரு நிலைகள் தெளிவுறுத்துகின்றன. காம்பில் தோன்றும் ஆறாத அரிப்பும் செதிலும் தோல் ஒவ்வாமை போலவே காட்சியளிக்கும்; அதன் பின்னணியில் புற்று இருக்கக்கூடும் என்பதை 1874இல் ஜேம்ஸ் பேஜெட் எடுத்துக்காட்டினார். அவ்வாறே, அழற்சி வகைப் புற்று கட்டியாகத் தட்டுப்படாமல், சிவப்பும் வீக்கமுமாகத் தோன்றிப் பால்கட்டு அல்லது தொற்று என எண்ணவைக்கும். ஆன்டிபயாட்டிக் மருந்துக்குப்பின் ஓரிரு வாரத்தில் இவை தணியாவிடில் திசு ஆய்வு இன்றியமையாதது. இரு காம்புகளிலும் பால்போன்ற கசிவு காணப்பட்டால் உட்கொள்ளும் மருந்துகள், தைராய்டு, புரோலாக்டின் அளவு ஆகியன ஆராயப்படும். ஒரே காம்பிலிருந்து தானாக வெளிப்படும் குருதிக் கசிவு மேலும் நுணுகிய ஆய்வை வேண்டுவது.

காரணம் அறியப்படாத மார்பழற்சி

‘காரணம் தெரியவில்லை’ என்பதே நேர்மையான விடையாக அமையும் நோயும் உண்டு. 1972இல் கெஸ்லர், வோலோக் ஆகியோர் விவரித்த கிரானுலோமேட்டஸ் மாஸ்டைடிஸ் என்னும் மார்பழற்சி பெரும்பாலும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னைய சில ஆண்டுகளில் தோன்றுகிறது. வலியுடன் கூடிய கடினக் கட்டி, சீழ், ஆறாத புண்புழை என அது வெளிப்படும். தோற்றத்திலும் ஸ்கேனிலும் அது புற்றை ஒத்திருக்கும். திசுவை நுண்ணோக்கியில் காணும்போது காசநோயை ஒத்திருக்கும். மார்பகக் காசநோயை ஆஸ்ட்லி கூப்பர் 1829இலேயே பதிவு செய்துள்ளார். காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாட்டில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் உயிர்ப்புள்ள சிக்கலாகும். காசநோயைக் காரணமில்லா அழற்சி எனக் கருதி ஸ்டீராய்டு அளித்தால் தொற்று பெருகும். காரணமில்லா அழற்சியைக் காசநோய் எனக் கொண்டால் தேவையற்ற பல மாதச் சிகிச்சை நேரும். ஆகவே திசுவில் காசநோய்க் கிருமிக்கான சோதனைகளைச் செய்து, அதனையும் புற்றையும் விலக்கிய பின்னரே ‘காரணம் அறியப்படாதது’ என்னும் முடிவு எய்தப்படுகிறது. இந்நோய் மாதக்கணக்கில் நீடித்துத் தானே அடங்குவதும், அடங்கியபின் மீள்வதும் உண்டு. இதனை முன்னரே அறிந்த நோயாளி மருத்துவமனை மாறி மாறி அலையும் நிலை குறையும். ஆராய்ந்து விலக்கியபின் சொல்லப்படும் ‘தெரியவில்லை’ என்பதும், ஆராயாமல் சொல்லப்படும் ‘ஒன்றுமில்லை’ என்பதும் ஒன்றல்ல.

வினாக்களின் பயன்

மேற்கண்டவற்றால் நோயாளி கேட்கத்தக்க வினாக்கள் நான்கு எனக் கொள்ளலாம். எந்நோய்கள் விலக்கப்பட்டன? எச்சோதனையால் விலக்கப்பட்டன? சோதனை முடிவுகள் கைப்பரிசோதனையோடு பொருந்துகின்றனவா? எம்மாற்றம் ஏற்பட்டால், எவ்வளவு காலத்திற்குள் மீண்டும் வர வேண்டும்? இவை மருத்துவரின் அறிவை ஐயுறும் வினாக்கள் அல்ல. ‘ஒன்றுமில்லை’ என்பதன் பொருளை வரையறுக்கும் வினாக்கள். இவற்றிற்கான விடைகளோடு ஸ்கேன், திசு ஆய்வு அறிக்கைகளையும் பேணி வைத்தல், வேறொரு மருத்துவரின் கருத்தை நாடும்போது துணைசெய்யும்.

முடிவுரை

மார்பக அறிகுறிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. அவ்வுண்மை அறிகுறியைப் புறக்கணிப்பதற்குக் காரணமாதல் கூடாது. அச்சத்தை நீட்டிப்பதற்கும் இடமில்லை. புற்று இல்லை, இயல்பின் வேறுபாடு, காரணம் அறியப்படவில்லை, ஆய்வு நிறைவுறவில்லை என நான்கு தொடர்களாகப் பிரித்துரைக்க வேண்டியதைத் தமிழ் உரையாடல் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. அந்நான்கையும் தெளிவுறச் சொல்லும் வழக்கு மருத்துவ அறையில் நிலைபெறுமாயின், வலியோடு வாழ நேரும் பெண்ணுக்கு அடுத்து என்ன செய்வது என்பதேனும் தெரிந்திருக்கும். மருத்துவத் தமிழில் கலைச்சொல்லாக்கம் பெற்றுவரும் கவனத்தை இத்தகைய உரையாடல் தொடர்களும் பெறுதல் வேண்டும்.